பூக்கட்டும் கை, கதை கட்டும் வாய்

விடியற்காலையில் தோவாளைக்குப் போயிருக்கிறீர்களா? நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக் காற்று ஜிலுஜிலுவென்று வீசும் ஊர். பிச்சியும் மல்லிகையும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. சற்று நேரத்தில் அவை மலையாளக் கரைக்குப் பயணமாகிவிடும். 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்க மாலையும் இந்த ஊர்க்காரர்களின் கைவண்ணந்தான்.

இங்கே பூக்கட்டும் பெண்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அவர்கள் பூவைப் பார்ப்பதே இல்லை. விரல்கள் தாமே முடிச்சுப் போடுகின்றன. வாய் சும்மா இருக்குமா? அது கதை சொல்லுகிறது. எந்த வீட்டுப் பெண் யாரை விரும்பினாள், அப்பன் என்ன சொன்னான், கடைசியில் கல்யாணம் நடந்ததா, இல்லையா? முழம் வளர வளரக் கதையும் வளருகிறது!

அந்தத் திண்ணையோரம் நின்றபோது எனக்குத் திருவல்லிக்கேணி வை. மு. கோதைநாயகி அம்மாளின் நினைவு வந்தது. நம் பாட்டிமார்களைக் காதலிலும் கண்ணீரிலும் மூழ்கடித்த 115 நாவல்களின் ஆசிரியை அவர். அவருடைய கதைகளும் முதலில் பேனாவிலிருந்து பிறக்கவில்லை, வாயிலிருந்துதான் பிறந்தன.

அம்மாள் பிறந்தது 1901-ஆம் ஆண்டு. ஐந்தரை வயதில் கல்யாணம்! பள்ளிக்கூடம் போகவில்லை. கதை கேட்பதிலும் சொல்வதிலும் மட்டும் அப்படி ஓர் ஆசை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு கதை சொல்லுவாராம். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போனார். அவற்றைப் பார்த்த பிறகு, தாமே ஒரு நாடகம் புனையலாமே என்று அம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் சரளமாக எழுத வராதே! அதனால் என்ன? அம்மாள் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். "இந்திர மோகனா" பிறந்தது. அந்தத் தோழியின் துணையோடுதான் பிறகு தாமே எழுதவும் பழகிக்கொண்டார்.

1925-ல் "ஜகன்மோகினி" பத்திரிகை அவர் கைக்கு வந்தது. அதிலே "வைதேகி" தொடர்ந்து வெளியாயிற்று. பத்திரிகை நடத்துவது என்றால் லேசான காரியமா? மாதம் பிறந்தால் இதழ் வர வேண்டும். வீட்டிலே விருந்தாளி வந்திருக்கிறார் என்றோ, மனம் சரியில்லை என்றோ வாசகர்களிடம் சொல்ல முடியுமா? சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். அங்கேயும் நாவல் எழுதினார். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் இப்படி!

கடல் கடந்து, இங்கிலாந்திலும் ஒரு ஜோடி கிடைக்கிறது. காதல் நாவல்களுக்குப் பேர்போன பார்பரா கார்ட்லண்ட் சீமாட்டியும் அதே 1901-ல் பிறந்தவர்தான். சோபாவில் சாய்ந்து, காலடியில் வெந்நீர்ப் பை, பக்கத்தில் செல்ல நாய் சகிதம் அவர் கதை சொல்ல, காரியதரிசி எழுதிக்கொள்வார். இப்படியே 700-க்கு மேல் நாவல்கள்! பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். சீமாட்டியோ தம் கதாநாயகியின் கற்பையும் விடவில்லை, கடைசி அத்தியாயக் கல்யாணத்தையும் விடவில்லை.

நம் அம்மாளுக்கு சோபாவும் இல்லை, காரியதரிசியும் இல்லை. குடும்பப் பெண் கதை எழுதுவதும் மேடையேறிப் பேசுவதும் அந்த நாளில் சாதாரணமாக ஒப்புக்கொள்ளப்பட்ட காரியங்களும் அல்ல. இலக்கிய விமர்சகர்களின் குறை வேறு விதம். உபதேசம் அதிகம், எல்லாக் கதையும் ஒரே வார்ப்பு என்றார்கள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்று படித்தால் சில பக்கங்கள் பிரசங்கம் போலத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். அந்தப் பிரசங்கம் யாருக்காக? பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், இளம் வயதிலே கழுத்தை நீட்டி, விதவையானால் மூலையில் உட்கார்த்தப்பட்ட பெண்களுக்காக! அவர்களுக்கும் ஒரு மனம் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. விமர்சகர் சொன்னார் என்று அம்மாள் தம் வாசகிகளைக் கைவிட்டுவிடவில்லை. அடுத்த இதழை எழுதினார்.

1956-ல் ஒரே மகனைப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தோடு நோயும் சேர்ந்தது. 1960-ல் மறைந்தார். ஆனால் கதை மறையவில்லை. அவருடைய "தயாநிதி" நாவலைத் தழுவித்தான் 1966-ல் "சித்தி" படம் வந்தது. பத்மினியின் நடிப்பைக் கண்டு கலங்கிய தாய்மார்களில் எத்தனை பேருக்கு, அதன் மூலக் கதை கோதைநாயகி அம்மாளுடையது என்று தெரிந்திருக்கும்?

வெயில் ஏறிவிட்டது. தோவாளையில் கட்டி முடித்த சரங்கள் ஈரத்துணிக்குள் போகின்றன. மாலைக்குள் வாடிவிடும் பூதானே என்று சொல்லி யாரும் முடிச்சைத் தளர்த்திக் கட்டுவதில்லை. சூடப் போகிற கூந்தலுக்கு அன்றைக்கு அது வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு மறுபடியும் மூட்டை வரும். மறுபடியும் விரல்கள் ஓடும்.

சகோதரிகளே, பரணிலே பாட்டியின் பழைய "ஜகன்மோகினி" இருக்கிறதா? பழைய தாள்காரரிடம் போடுமுன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கொஞ்சம் மணம் இன்னும் மிச்சமிருக்கும்!