மாத்திரையால் கிட்னி கெடுமா? பி.பி.யை அடக்காவிட்டால்தான் கெடும்!

சூளகிரியில் தக்காளிப் பெட்டியை இறக்கிவிட்டு டீ குடிக்கும் இடத்திலும் சரி, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலும் சரி, அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. 'சர்க்கரை மாத்திரையோட பி.பி. மாத்திரையும் போட்டா கிட்னி போயிடும்.' இந்தப் பயத்திலேயே மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். உண்மை இதற்கு நேர்மாறானது. பல வருடச் சர்க்கரையும், அடங்காத ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. பொருத்தமான பி.பி. மாத்திரை அதைக் காக்கிறது.

சொட்டுநீர் போட்ட விவசாயிக்கு இதை விளக்குவது சுலபம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் வடிகட்டியின் சல்லடை தளர்ந்து, உடம்பில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். அதோடு அழுத்தமும் ஏறினால், மோட்டார் பிரஷரைக் கூட்டி ஃபில்டரைக் கிழிப்பது போலத்தான். கெட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கி வைக்கும், அதனால் பி.பி. இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழலில் ஆரம்பத்தில் வலியே இருக்காது. கால் வீங்கிய பிறகு ஓடுவதில் பாதி வாய்ப்பு போய்விடும்.

அதனால் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒரு முறையாவது இரண்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒன்று, சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அது எச்சரிக்கை. இன்னொன்று, ரத்தத்தில் கிரியாட்டினின். பி.பி.யைப் பொறுத்தவரை 130/80-க்குக் கீழே வைக்கவே மருத்துவர்கள் பெரும்பாலும் பார்க்கிறார்கள். எழுந்தால் தலை சுற்றும் முதியவர்களுக்கு இலக்கு மாறும்.

சிறுநீரில் புரதம் கசிபவர்களுக்கு முதலில் தரப்படுவது எனலாபிரில், ராமிப்ரில் வகை. அல்லது லோசார்டன், டெல்மிசார்டன் வகை. இவை வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைச் சற்று அகலப்படுத்துகின்றன. ஃபில்டருக்கு அடுத்த வால்வைத் திறந்துவிட்டால் கேஜ் முள் இறங்குமே, அதே வேலை. 2001-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், லோசார்டனும் இர்பெசார்டனும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போட்டது தெரியவந்தது.

இந்த மாத்திரையை ஆரம்பித்த சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். வடிகட்டியில் அழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது. 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தைத் தொடரவே சொல்வார்கள். 'மாத்திரை போட்டதும் கிட்னி கெட்டுச்சு' என்ற பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களும் இந்த வகை மாத்திரைகளை எடுக்கக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

ஒரே மாத்திரையில் பி.பி. அடங்குவது அபூர்வம். அம்லோடிபின், நீர் பிரியும் மாத்திரை என இரண்டு மூன்று சேரும். சர்க்கரைக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தையும் காப்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்த பிறகு விலையும் இறங்கிவிட்டது.

எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு, பெங்களூரு மருத்துவமனையில் இன்னொரு சீட்டு. இங்கே எனலாபிரில், அங்கே டெல்மிசார்டன்; பெயர் வேறு என்பதால் இரண்டையும் விழுங்குகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு, பொட்டாசியம் ஏறியும் சிறுநீரகம் திடீரென பாதிக்கப்பட்டும் ஆபத்து கூடியதால் 2012-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. எங்கே போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போவதுதான் வழி.

அடுத்தது உப்பு. நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாங்காய் விளையும் மாவட்டத்தில் ஊறுகாய் இல்லாத வீடு ஏது? களிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், கூடவே அப்பளம், கருவாடு என்றால் கணக்கு எங்கோ போய்விடும். உப்பு தூக்கலாக இருந்தால் மேலே சொன்ன மாத்திரைகளின் பலனும் குறையும். அதற்காக 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டுக்கு மாறவும் கூடாது. அதில் இருப்பது பொட்டாசியம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும்கூட ஆகாது.

பறிப்பு முடிந்த இரவு, மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இவர்களுக்குப் பெரிய எதிரி. உண்மையில் கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை எது என்று கேட்டால் இவற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வாந்தியும் பேதியும் கண்டு உடம்பு வற்றும் நாட்களில், பி.பி. மாத்திரையையும் டாபாகிளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். வீடு தேடி பி.பி., சர்க்கரை மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதே இந்த மாவட்டத்தில், சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில்தான். தேதி 2021 ஆகஸ்ட் 5. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பைகளும் இதில் கிடைக்கின்றன. 2024 முதல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என ஆலைகளுக்கும் பரிசோதனை போகிறது. பகலில் தோட்டம், இரவில் கம்பெனி என்று இருப்பவர்களுக்கு அது வசதி.

இரவு ஷிப்ட் வாரத்தில் மாத்திரை நேரம் தவறுகிறது என்றால், அதைத் தன்னார்வலரிடமோ மருத்துவரிடமோ வெளிப்படையாகச் சொல்லலாம். இந்த வகையில் பல மாத்திரைகள் நாளைக்கு ஒரு வேளைதான். ஷிப்ட் மாறினாலும் தவறாத ஒரு வேளையைக் குறித்துத் தருவார்கள்.