வகுப்பறை மேலாண்மை

வகுப்பறை மேலாண்மை என்பது, கற்றல் தடையின்றி நிகழும் பொருட்டு வகுப்பின் நேரம், இருக்கை அமைப்பு, செயல்கள், மாணவருடனான உறவு ஆகியவற்றை ஆசிரியர் ஒழுங்குபடுத்தும் முறையைக் குறிக்கும். அதட்டி அமைதியை நிலைநாட்டுவதே மேலாண்மை என்ற எண்ணத்துடன் வகுப்பிற்குள் நுழையும் புதிய ஆசிரியர்கள் பலர். ஆய்வுகள் இவ்வெண்ணத்தை ஆதரிக்கவில்லை.

கூனினின் ஆய்வு

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், தம் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரைக் கண்டித்தார். கண்டிக்கப்படாத மற்றவர்களும் உடனே நிமிர்ந்து அமர்ந்தனர். (அவர் அன்று நடத்தியது உளநலப் பாடம்!) இதனை 'அலை விளைவு' என்று குறிப்பிட்ட அவர், எவ்வாறு கண்டித்தால் பயன் மிகும் என்று ஆராயத் தொடங்கினார். பின்னர் தொடக்கப்பள்ளி வகுப்புகளை நிகழ்படமாகப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது எதிர்பாராத முடிவே கிடைத்தது. குறும்பு நிகழ்ந்தபின் ஆசிரியர் கண்டிக்கும் விதத்திற்கும் வகுப்பின் ஒழுங்கிற்கும் தொடர்பு காணப்படவில்லை. குறும்பு தோன்றாதிருக்க முன்னரே செய்தவற்றில்தான் சிறந்த ஆசிரியர்கள் வேறுபட்டனர். இம்முடிவுகள் 1970இல் நூலாக வெளிவந்தன.

வகுப்பில் நடப்பதனைத்தும் தமக்குத் தெரியும் என்பதை ஆசிரியர் செயலால் உணர்த்துவது இவற்றுள் முதன்மையானது. கரும்பலகையில் எழுதும்போது பின்னால் சலசலப்பு எழுகிறது. தொடங்கியவரை விட்டுவிட்டுக் கடைசியாகச் சிரித்தவரை ஆசிரியர் கண்டிக்கிறார். இத்தகைய ஒரு தவறே அவருக்கு எதுவும் தெரியாது என்பதை வகுப்பிற்கு அறிவித்துவிடும். காலந்தாழ்த்திக் கண்டிப்பதும் அவ்வாறே. ஒரு பாடத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கியபின் மீண்டும் முன்னதற்கே திரும்புவதும் கவனத்தைச் சிதறடிக்கும். மாணவரின் பெயரைச் சொல்லிவிட்டு வினாவைக் கேட்டால் ஏனையோர் சிந்திப்பதை நிறுத்திவிடுவர். எனவே வினாவை முதலில் கேட்டுப் பின்னரே பெயரைக் கூறுவது நன்று. இதற்குப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இருக்கை வரைபடம் ஒன்றை எழுதிவைத்துக்கொள்வது எளிய வழியாகும்.

தண்டனை

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பலர் முன்னிலையில் இழிவுபடுத்திப் பேசுவது பிரம்பைவிட மென்மையானது என்று கருதுவதற்கில்லை.

காத்திருப்பு நேரம்

வினாவிற்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதை மேரி பட் ரோவ் 1970களில் எடுத்துக்காட்டினார். மூன்று நொடி அல்லது அதற்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினர். கற்றலில் பின்தங்கியவர் எனத் தாம் கருதிய மாணவருக்கு ஆசிரியர்கள் இன்னும் குறைந்த நேரமே அளித்தனர் என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.