ஏலக் கூடமும் நிறுவைத் தராசும்

வட்டகொடை மலைகளிற் பறிக்கும் கொழுந்து தூளான பின்னர் அதற்கு விலை வைப்பவர் யார் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. 4,000 அடிக்கு மேல் விளைவதனால் அது உயர்நிலத் தேயிலை என்னும் பெயரோடு கொழும்புக்கு இறங்குகிறது. அங்கே தரகர்கள் மாதிரியைக் கொதிநீரில் இட்டு, நிறம் பார்த்து, உறிஞ்சித் துப்பி, மதிப்பு விலை குறிப்பர். பின்பு ஏலம்.

1883ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வேலம் தலைமுறை தலைமுறையாக ஒரே விதமாகவே நடந்து வந்தது. தரகர் மேடையிலிருந்து இலக்கத்தைக் கூறுவார், வாங்குவோர் விலையைக் கூவுவர், சுத்தியல் விழும். புதிதாய்க் கேட்பவர் சண்டை என்றே எண்ணுவர். லண்டன் ஏலம் 1998இல் மூடப்பட்டபோதும் கொழும்புக் கூடம் கலையவில்லை.

அதைக் கலைத்தது ஒரு நோய். 2020 மார்ச்சில் கொரோனாவினால் ஊரடங்கு வந்தது. கொழுந்தோ ஊரடங்கை அறியாது. உரிய நாளிற் பறிக்காவிடின் முற்றிவிடும். விற்பனை நின்றால் சம்பளக் காசும் நிற்கும். ஆகவே, பல்லாண்டு பேசியும் முடியாத காரியம் சில கிழமைகளில் முடிந்தது; ஏப்ரலில் ஏலம் கணினித் திரைக்கு மாறிற்று. வாங்குவோர் தத்தம் இருப்பிடத்திலிருந்தே விலை குறிக்கலாயினர். கேட்ட விலை பதிவாகிவிடுவதால் பின்னர் மறுக்க இயலாது. சுவை பார்க்கும் வேலை மாத்திரம் இன்னும் மனித நாக்குக்கே உரியது.

ஆனால் ஏலத்துக்கு முன்னர் மலையிலே வேறொரு கணக்கு உண்டு. அதுதான் கொழுந்து நிறுவை. ஒரு பெண்ணின் அன்றைய சம்பளம் அங்கேதான் தீர்கிறது. குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பது பழைய வழக்கம்; பழைய மனத்தாங்கலும் அதுவே. மின் தராசு வைத்த தோட்டங்களில் நிறை இலக்கமாகத் தெரிகிறது. தெரிகிறது, சரி; யாருக்கு? தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கமே திரும்பியிருக்குமாயின், பழைய தொங்கு தராசுக்கும் இதற்கும் பேதம் என்ன? கொழும்பில் வாங்குவோருக்குக் கிடைத்த பதிவு, பறித்தவளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் துணிபு.

அதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. நிறை, கழிவு, மிச்சம் ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்றை நிறுத்த இடத்திலேயே அவள் கையிற் கொடுத்தாற் போதும். பஸ் டிக்கட் அளவு காகிதமே அதற்குத் தாராளம். எங்கள் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அச்சீட்டுகளைக் கூட்டி, மாத முடிவிற் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும்.