வழிகாட்டிக்குக் கூலி வீண் செலவா?

"ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்கு அண்டை ஊர், அதைப் பார்க்கக் கூலி கொடுத்து வழிகாட்டியை அமர்த்துவானேன்?" என்று சோழபுரத்தார் வினவக்கூடும். வீண் செலவன்று என்பதே நமது அபிப்பிராயம்.

தனியே செல்பவர் 192 அடி உயரமுள்ள 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, ஆண்டாள் கோபுரமென்று எண்ணித் திரும்புவர். அது வடபத்ரசாயி சந்நிதியின் கோபுரம். ஆண்டாள் சந்நிதி வேறு. பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நந்தவனம் இரண்டுக்கும் இடையிலே உள்ளது. விஷயமறிந்தவர் உடன்வந்தாலன்றி இவை புலப்படா.

ஆயினும், சொல்வதையெல்லாம் நம்பிவிடலாகாது. தமிழ்நாட்டு அரசு முத்திரையிலுள்ள கோபுரம் இதுவே என்பாரும், மதுரை மேலைக் கோபுரமே என்பாரும் உளர். இவ்விரு கட்சிகளையும் ஒளியாது உரைப்பவரே தக்க வழிகாட்டி.

கூலியை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். அந்நியர் எழுதிய கைந்நூலை விலைகொடுத்து வாங்கும் நாம், நம்மூரார் அறிவை மட்டும் இனாமாகக் கேட்பது நியாயமாகுமா?