வீட்டு எறும்பு: இனமறிந்து தடுக்கும் முறை

கிராமத்தில் எறும்பு ஏறாத வீடு ஒன்றேனும் இராது. பழகிப்போன தொல்லையாகையால் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வெல்லப் பானையை மொய்த்தால் தட்டிவிடுகிறோம். சுவரோரம் மஞ்சள் தூளைத் தூவுகிறோம். மறுநாள் அதே வரிசை அதே இடத்தில் ஊர்வதைக் கண்டு சலிப்படைகிறோம். இத்தொல்லை நீங்காமைக்குக் காரணம் எறும்பின் வலிமையன்று. அது எவ்வினம், எங்கிருந்து வருகிறது, எதனை நாடி வருகிறது என்னும் மூன்றையும் விசாரியாமலே நாம் அதனோடு போரிடுவதுதான் காரணம்.

இனமறியாமையால் விளையும் நஷ்டத்திற்கு ஒரு திருஷ்டாந்தம் கூறுவேன். ஒரு கிராமச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றிருந்தபோது, காரியதரிசி பத்திரப் பெட்டியைத் திறந்து காட்டினார். மேலே இருந்த புத்தகங்கள் நன்றாகவே இருந்தன. அடியில் இருந்த கடன் பத்திரங்களை எடுத்தபோது அவை மண்ணும் தூளுமாக உதிர்ந்தன. “இரண்டு மாதமாகவே எறும்புத் தொல்லைதான் ஐயா, மஞ்சள் போட்டுக்கொண்டே இருக்கிறோம்” என்றார் அவர். பெட்டியைச் சிறிது நகர்த்திப் பார்த்தேன். சுவரிலிருந்து பெட்டியின் முதுகு வரையில் சுண்டுவிரல் பருமனில் மண்கோடு ஒன்று ஏறியிருந்தது. வந்தது எறும்பன்று; கரையான். கடன் பெற்றவர்களுள் நேர்மையுள்ளவர்கள் புதிதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். மற்றவர்களிடம் சங்கம் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்த நஷ்டம் அங்கத்தினர் அனைவர் தலையிலும் விழுந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் ஒருவர் குனிந்து உற்று நோக்கியிருந்தால் அது நேர்ந்திராது.

எறும்பா, கரையானா?

கரையானை வெள்ளெறும்பு என்றும் சொல்லுகிறோம். உண்மையில் அது எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. கரப்பான் பூச்சிக்கே நெருங்கிய உறவுடையது. எறும்பின் இடை நூல்போல் ஒடுங்கியிருக்கும். கரையானுக்கு இடை ஒடுக்கமில்லை. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். கரையானுடையது மணி கோத்த சரம்போல் நேராயிருக்கும். எறும்பு வெளிச்சத்தில் அஞ்சாது திரியும்; கரையானோ வெளிச்சத்தை வெறுத்து, தான் செல்லும் வழியெல்லாம் மண்ணால் மூடிக்கொண்டே செல்லும்.

மழைக்குப் பின் சிறகு முளைத்துப் பறப்பவற்றையும் பகுத்தறியலாம். ஈசல் என்பது சிறகுற்ற கரையான். அதன் நான்கு சிறகுகளும் ஒரே நீளமுள்ளவை. சிறகெறும்பிற்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. வீட்டினுள் சுவரிலிருந்தோ நிலையிலிருந்தோ ஈசல் புறப்படுமாயின், கரையான் அங்கே குடியேறிவிட்டதென்று அறிதல் வேண்டும்.

கரையான் மரம், காகிதம், துணி ஆகியவற்றைத் தின்னும். ஆகையால் பத்திரப் பெட்டியும் தானியக் குதிரும் தரையைத் தொடாமலும் சுவரிலிருந்து ஒரு சாண் விலகியும் இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை அவற்றின் அடியையும் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். மண்கோடு தென்பட்டால் அதைச் சிறிது உடைத்து விடுக. இரண்டொரு நாளில் மீண்டும் கட்டப்பட்டிருந்தால் கரையான் உயிரோடு நடமாடுகிறதென்பது திண்ணம். அப்பொழுது கைவைத்தியம் போதாது; தேர்ந்தவரைக் கொண்டு அஸ்திவாரத்திற்கு மருந்திடுவித்தல் வேண்டும்.

வீட்டிற்கு வரும் எறும்புகள்

கட்டெறும்பு பெரியது, கரியது. பெரும்பாலும் வெளியே மண்ணிலும் மரத்தடியிலும் புற்று வைத்துக்கொண்டு, இனிப்பை நாடி உள்ளே வரும். பிள்ளையார் எறும்பு சிறிதாய்க் கறுத்து, இங்குமங்கும் விரைந்தோடும், கடிக்காது. செவ்வெறும்பு கொட்டினால் நெருப்புச் சுட்டாற்போல் எரியும். அது திண்ணையோரத்திலும் களத்திலும் மண்ணில் கூடு வைக்கும். விதைகளை இழுத்துச் செல்லும். பொரிந்து வெளிவரும் கோழிக்குஞ்சுகளையும் தாக்கும். மஞ்சள் நிறமுள்ள மிகச் சிறிய சிற்றெறும்பு ஒன்றுண்டு. அது சுவர்வெடிப்பிலும் பெட்டியிடுக்கிலும் வாழும். சாக்கடையிலும் புண்ணிலும் ஊர்ந்த காலோடு உணவிலும் ஊர்வதால் நோய்க்கிருமிகளைப் பரப்பவல்லது.

எல்லா எறும்பும் பகையல்ல. கரையானுக்கு எறும்பே பெரும் பகை. மரங்களில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசிறு, மாந்தோப்புகளில் பயிரைத் தின்னும் புழுபூச்சிகள் பலவற்றை வேட்டையாடும். எனவே வேலியோரத்திலும் தோப்பிலும் உள்ள புற்றுகளையெல்லாம் தேடி அழிப்பது வீண் வேலை; தீங்கும்கூட. வீட்டினுள் வருவதைத் தடுப்பதே நம் நோக்கமாயிருக்க வேண்டும்.

தட்டுவதால் ஏன் தீருவதில்லை?

நம் கண்ணில் படுபவை வேலைக்கார எறும்புகள். அவை யாவும் முட்டையிடாத பெண்ணெறும்புகள். இரை தேட வெளியே வருபவை கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை கூட்டினுள் குஞ்சுகளையும் ராணியையும் பேணிக்கொண்டிருக்கும். ராணி முட்டையிட்டுக்கொண்டே இருப்பதால், நாம் நூறு எறும்புகளைக் கொன்றாலும் அந்த இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. இரையைக் கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் ஒருவித வாசனைத் தடம் இட்டுச் செல்லும். மற்றவை அத்தடத்தைப் பற்றியே வரிசையாக வரும். எறும்பைத் தட்டிவிட்டாலும் தடம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. மேற்கூறிய மஞ்சள் நிறச் சிற்றெறும்பின் கூட்டில் ராணிகள் பல உண்டு. அதன்மேல் மருந்து தெளித்துக் கலைத்தால், கூட்டம் பிரிந்து பல இடங்களில் புதுக் கூடு வைத்துவிடும். ஓர் அறையிலிருந்த தொல்லை மூன்று அறைகளுக்குப் பரவும்.

செய்ய வேண்டியன

1. தடத்தைக் கண்டறிதல். மாலையில் ஒரு காகிதத்தில் சிறிது வெல்லமும், மற்றொன்றில் வறுத்த நிலக்கடலைப் பொடியும் வையுங்கள். எதனை எறும்பு விரும்புகிறது, எந்த வெடிப்பினின்று வருகிறது என்பவை ஒரு மணி நேரத்தில் விளங்கும்.

2. இரையை நீக்குதல். வெல்லம், கருப்பட்டி, சர்க்கரை ஆகியவற்றை இறுக மூடும் தகரப் பெட்டியில் வைக்கவேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துடைத்தல், எச்சில் பாத்திரத்தை இரவிலேயே கழுவுதல், புண்ணாக்கு மூட்டையை அடுக்களையினின்று விலக்கி வைத்தல் ஆகியவை செலவில்லாத காரியங்கள். கோடையில் எறும்பு நீரை நாடியும் வருமாகையால் தொட்டிக்கசிவை அடைத்தல் வேண்டும். உணவு வைக்கும் மேஜையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழைய வழக்கம் நல்லதே. ஆனால் வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்து நீரை மாற்றாவிடில் அதில் கொசு பெருகும்.

3. தடத்தை அழித்தல். எறும்பு ஊரும் வழியைச் சவுக்கார நீரால் துடைத்தால் எறும்பும் சாகும், வாசனையும் நீங்கும். பின்னர் வெடிப்பைச் சுண்ணாம்புக் காரையாலோ சிமெண்டாலோ அடைத்துவிடுக.

4. வெளிப்புறத்தைச் செப்பனிடுதல். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுக. வீட்டருகேயுள்ள செம்பருத்தியிலும் கொய்யாவிலும் அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவை பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அவை கசியும் இனிய நீரை உண்ணவே எறும்புகள் அங்கே கூடுகின்றன. அப்பூச்சிகளை நீர் பீய்ச்சியும் வேப்பெண்ணெய் கலந்த சவுக்கார நீரைத் தெளித்தும் போக்கினால் எறும்பும் குறையும்.

5. நச்சிரை வைத்தல். பொற்கொல்லர்கள் பற்றவைப்பதற்கு உபயோகிக்கும் வெங்காரமே இதற்கு ஏற்றது. அரைத் தேக்கரண்டி வெங்காரத்தையும் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரையையும் ஒரு கோப்பை வெந்நீரில் கரைத்து, பஞ்சில் தோய்த்து, சிறு துளையிட்ட மூடியுள்ள டப்பியில் இட்டுத் தடத்தருகே வைக்கவேண்டும். வெங்காரத்தைக் கூட்டிப் போடலாகாது. மிகுந்தால் எறும்பு வழியிலேயே இறக்கும். குறைந்த அளவாயின் கூட்டிற்குக் கொண்டுபோய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். முதல் இரண்டொரு நாள் எறும்பு அதிகமாக மொய்க்கும். அதைக் கண்டு அஞ்சித் தட்டிவிடாதீர்கள். ஓரிரு வாரங்களில் பலன் தெரியும். வெங்காரம் குழந்தைகளுக்கும் கால்நடைக்கும் விஷமாகையால் அவற்றிற்கு எட்டாத இடத்திலேயே வைக்கவேண்டும்.

செய்யத் தகாதன

மண்ணெண்ணெயைச் சுவரோரம் ஊற்றுவது தீவிபத்திற்கு இடமாகும். எறும்பிற்கென விற்கும் விஷச் சாக்கட்டியைக் குழந்தைகள் எழுதுகோலென்று கையில் எடுக்கக்கூடும். பயிருக்கு அடிக்கும் மருந்தை அடுக்களையில் உபயோகித்தல் ஒருபோதும் கூடாது. முன்னாளில் எறும்பிற்கும் தாராளமாகத் தூவப்பட்டு வந்த பி.எச்.சி. பொடி, மண்ணிலும் உடலிலும் நெடுங்காலம் தங்கும் நஞ்சாகையால் இந்தியாவில் 1997-ல் தடைசெய்யப்பட்டது. பழைய பொடி எங்கேனும் மிஞ்சியிருந்தால் அதைத் தொடவேண்டாம்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

ஒரு வீட்டில் மட்டும் செய்யும் முயற்சி அரை முயற்சியே. அடுத்த வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்று. அங்கே குப்பையிருந்தால் எறும்பு இங்கே வரும். திண்டுக்கல் ஜில்லாவிலுள்ள கரந்தமலையைச் சூழ்ந்த கிராமங்களில் 2022-ல் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். மஞ்சள் நிறமும் நீண்ட கால்களும் தாறுமாறான ஓட்டமும் உடைய ஓரினம் அங்கே பெருகிற்று. அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடுமாடுகளின் கண்கள் கெட்டன என்று அவ்வூரார் முறையிட்டனர். அத்தகைய பெருக்கத்தைத் தனியொரு குடும்பம் எதிர்த்து நிற்பதெங்ஙனம்?

ஆதலால் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மழைக்காலத்தில் புற்றில் நீர் புகுவதால் எறும்புகள் வீட்டை நாடுமாகையால், அதற்கு முன்னரே தெருவுக்கு ஒரு நாள் குறித்து அனைவரும் ஒருங்கே வெடிப்பை அடைத்து, குப்பையை அகற்றி, நச்சிரை வைப்பது உத்தமம். வெங்காரத்தை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். சங்கத்தின் பத்திரப் பெட்டியை மாதந்தோறும் பார்வையிட ஒரு பஞ்சாயத்தாரை நியமித்து, பார்த்த தேதியை நடவடிக்கைப் புத்தகத்தில் குறித்தல் வேண்டும். எறும்பிற்குப் பலம் அதன் ஐக்கியம். நாமும் ஐக்கியமாய் நின்றால் அதனை நம் வாசற்படியோடு நிறுத்திவிடலாம்.