பல்லின் பாசியும் இதயத்தின் நாளமும்

காலையில் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன்னால், நாவின் நுனியால் முன்பற்களின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தால் ஒரு வழவழப்புத் தட்டுப்படும். வாய்க் கிருமிகள் இரவெல்லாம் உழைத்துக் கட்டிய குடியிருப்பு அது. அத்தகைய குடியிருப்பு இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களின் சுவர்களிலும் இருக்கிறதென்று பின்லாந்தின் தாம்பரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா கார்ஹுனென் குழுவினர் 2025 ஆகஸ்டில் வெளியிட்டதும், மாரடைப்பு ஒரு தொற்று வியாதிதான் என்னும் பேச்சு எங்கும் பரவிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் சொன்னது 'இருக்கலாம்' என்பதே. அந்தச் சிறு சொல்லை விட்டுவிடாமல் விஷயத்தைப் பார்ப்போம்.

திடீரென மரணமடைந்த 121 பேரின் இதயத் தமனிகளையும், அறுவை சிகிச்சைக்கு வந்த 96 நோயாளிகளின் நாளங்களிலிருந்து எடுத்த கொழுப்புப் படிவுகளையும் அவர்கள் சோதித்தார்கள். வாயில் சாதாரணமாக வசிக்கும் 'விரிடன்ஸ்' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளின் மரபணுத் தடயம் இரு தொகுதியிலும் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேருக்கு மேற்பட்டோரிடம் கிடைத்தது. ரத்தம் கலந்த கூழில் வளர்த்தால் தம்மைச் சுற்றிப் பசுமையான வளையம் இடுவதால் இக்கிருமிகளுக்கு அந்தப் பெயர் வந்தது.

கொழுப்புப் படிந்து நாளங்கள் தடிப்பதன் பழங்கதையை நீட்ட வேண்டியதில்லை. அழற்சியே அதன் மூலம் என்று ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1850களில் கருதினார். 1913இல் ருஷ்யாவின் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி நாளங்களைத் தடிக்கச் செய்தார். 1988இல் பின்லாந்தின் பெக்கா சைக்கு, நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா கிருமிக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதற்கான அறிகுறிகளை ரத்தப் பரிசோதனையில் கண்டார். வயிற்றுப் புண்ணுக்குக் கிருமி காரணமென்று ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் நிலைநாட்டிய காலம் அது; இதயத்துக்கும் ஒரு மாத்திரை போதும் என்ற ஆசை மருத்துவ உலகைப் பற்றிக்கொண்டது. ஆனால் 2003 முதல் 2005 வரை வெளியான மூன்று பெரும் பரிசோதனைகளில், பதினையாயிரத்துக்கும் அதிகமான இதய நோயாளிகளைச் சேர்த்து, சிலருக்கு மூன்று மாதமும் சிலருக்கு ஓராண்டும் ஈராண்டும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துப் பார்த்தும், மாரடைப்பு குறையவில்லை. டென்மார்க்கில் 4,373 பேரிடம் நடந்த மற்றொன்றிலோ மருந்து உண்டவர்களிடையே மரணம் சற்று அதிகமாகவே இருந்தது.

கிருமி உண்மையில் அங்கே இருக்குமானால், மருந்து ஏன் தோற்றது? என் மனத்தைக் கவர்வது இந்த இடந்தான்.

கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். நான்கு நாள் கழுவாமல் விட்டால் அதன் உட்சுவரில் வழுவழுவென்று பாசி படர்கிறது. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் நீர் அதன் மேலே வழிந்தோடுமேயன்றிப் பாசி நகர்வதில்லை. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தால்தான் போகும். கிருமிகளும் அப்படித்தான். தனியே மிதக்கும் கிருமி எளிதில் மடியக்கூடிய உயிர். ஆனால் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சரடுகளாலான பசையைச் சுரந்து, அதற்குள் ஆயிரக்கணக்கான இனத்தாரோடு ஒடுங்கிவிட்டால், அதன் சுபாவமே மாறிவிடுகிறது. பசைக்குள் மருந்து மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. அடித்தட்டில் உணவின்றிக் கிடக்கும் கிருமிகளோ ஏறக்குறைய உறங்குகின்றன. பெனிசிலின் போன்ற மருந்துகள் புதுச் சுவர் எழுப்பி வளரும் கிருமியைத்தான் கொல்லுமாதலால், உறங்குவதை அவை தொடுவதில்லை. பாசியில் கால் வைத்தவன் வழுக்குவதுபோல நம் வெள்ளணுக்களும் அதைப் பற்றிக்கொள்ள முடியாமல் கடந்துவிடுகின்றன. தாம்பரே குழுவினர் பார்த்தபோது, கொழுப்பின் நடுவே கிடந்த இந்தக் கிருமிப் படலத்தைச் சுற்றி உடலின் காவலர் எவரும் கூடியிருக்கவில்லை. வெடித்த படிவுகளிலோ, படலத்திலிருந்து உதிர்ந்து சிதறிய கிருமிகளையும் அவற்றை எதிர்த்து மூண்ட அழற்சியையும் கண்டார்கள். தொட்டியைத் தட்டினால் பாசி செதில் செதிலாகப் பெயர்ந்து நீர் முழுவதையும் கலக்குவதில்லையா, அதுபோல வேறொரு நோயோ அதிர்ச்சியோ படலத்தைக் கலைக்க, அழற்சி மூண்டு, படிவின் மேல்மூடி கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து நாளம் அடைபடுகிறது என்பது அவர்களுடைய ஊகம். தொட்டியையாவது கவிழ்த்துத் தேய்க்கலாம்; இதயத் தமனியைக் கவிழ்க்க வழியில்லை.

அழகான விளக்கம், ஆயினும் விளக்கத்தின் அழகு நிரூபணம் ஆகாது. பல் துலக்கும்போதும் உணவை மெல்லும்போதும் நோயுற்ற ஈறுகளின் வழியே கிருமிகள் ரத்தத்தில் கலப்பதும், சேதமடைந்த இதய வால்வில் இதே விரிடன்ஸ் கிருமிகள் குடியேறுவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தவை. ஆகையால் தடித்த நாளத்துக்கு அவை வந்து சேர்வதில் வியப்பில்லை. பாழடைந்த வீட்டில் வௌவால் இருக்கக் கண்டவன், வீட்டை இடித்தது வௌவால்தான் என்று தீர்ப்புச் சொல்லலாமா? இறந்தவரின் நாளம் நமக்குக் காட்டுவது கடைசிக் காட்சியை மட்டுமே. முதலில் வந்தது கிருமியா தடிப்பா என்பதை அது சொல்லாது. புகையிலை ஈறையும் கெடுக்கிறது, நாளத்தையும் கெடுக்கிறது. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பதற்கு அதுவே போதும். ஈறு நோய்க்கும் நாள நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றே அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் ஆராய்ந்து கூறியது.

இதே பின்லாந்து இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. உலகிலேயே மிக அதிகமாக ஆண்கள் இதய நோயால் மாண்ட நாடுகளுள் ஒன்றாக அது இருந்தபோது, 1972இல் வட கரேலியா மாகாணத்தில் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் தலைமையில் ஓர் இயக்கம் தொடங்கிற்று. வெண்ணெயையும் உப்பையும் குறைக்கவும் புகையை விடவும் ஊர் ஊராகச் சென்று மக்களை வேண்டிக்கொண்டார்கள். சுமார் 35 ஆண்டுகளில், உழைக்கும் வயதுடைய ஆண்களிடையே இதய நோய் மரணம் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைந்தது. அங்கே எவரும் எந்தக் கிருமியையும் குறிவைக்கவில்லை.

கார்ஹுனெனின் கண்டுபிடிப்பு பொய்யாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நாளை அது ஒரு தடுப்பூசிக்கே வழிகாட்டினாலும் மகிழ்வேன். ஆனால் அதை நம்பி மருந்துக் கடையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கேட்டு வாங்குவது ஆபத்து; புகையையும் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் மறப்பது அதனினும் பெரிய ஆபத்து. இரவில் படுக்கப் போகுமுன் பல்லைத் துலக்குங்கள். இதயத்துக்கு அதனால் நன்மை உண்டா என்பது ஒருநாள் தீர்மானமாகும். பல்லுக்கும் ஈறுக்கும் உண்டு என்பது தீர்மானமான விஷயம்.