முற்றுகைக்குள் பசித்திருந்தோர்



போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து இரண்டு நாள் போக்குவரத்து நின்றுவிட்டால், மேலே ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை செய்வோர் வீட்டு உலை என்னவாகும் என்பதைப் போடி மக்கள் அறிவீர்கள். அங்கு வழியை அடைப்பது மழை. அதில் எவருடைய வஞ்சமும் இல்லை. மனிதன் வேண்டுமென்றே மாதக்கணக்கில் வழியை அடைத்தால் அதற்குப் பெயர் முற்றுகை.

நமக்கு அருகில் மதுரையிலேயே அது நிகழ்ந்தது. பனையூரில் பிறந்த மருதநாயகம் இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுப் கான் ஆனார். ஆங்கிலேயரின் சிப்பாய்களுக்குத் தளபதியாகி, மதுரையை ஆண்டு, பின்னர் அவர்களையே எதிர்த்து நின்றார். 1763இல் ஆங்கிலேயரும் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலியும் சேர்ந்து மதுரைக் கோட்டையை வளைத்தனர், அது வீழவில்லை. 1764 ஜூனில் மதிலைத் தாக்கியும் முறியடிக்கப்பட்டனர். பீரங்கியால் ஆகாததைப் பசியால் முடிக்க எண்ணி, உணவு வரும் வழிகளை இறுக அடைத்தனர். முற்றுகையிட்டோரிலும் கலிமாச் சொன்னவர் இருந்தார் என்பதை மறைத்துப் பயனில்லை. அக்டோபர் 13 அன்று சொந்த ஆட்களே தளபதியைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தனர். 15இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கால் ஒன்று நம் பெரியகுளத்தில் அடக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

அவரது வீரத்தை நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் மதிலுக்குள் அடைபட்ட தாயும் கைக்குழந்தையும் யாரோடும் போர் தொடுக்கவில்லையே!

ஒரு பூனையைச் சாகும்வரை கட்டி வைத்த பெண் நரகம் புகுந்ததை நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). அவள் தானும் உணவளிக்கவில்லை. பூமியில் ஊர்வதைத் தின்னவும் அதை விடவில்லை. இவ்விரண்டு குற்றங்களையும் கவனியுங்கள். வழியை விடாதது வெளியே நின்ற படையின் பாவம். கதவை மூடி வைத்தவன் உள்ளிருப்போரின் உணவுக்குப் பொறுப்பாளி. அக்கேள்வி யூசுப் கானுக்கும் உண்டு, எந்தத் தளபதிக்கும் உண்டு.

ஹிஜ்ரி 5இல் மதீனாவே முற்றுகைக்கு உள்ளாயிற்று. அகழ் தோண்டிய நபி (ஸல்) அவர்களின் வயிற்றிலும் பசியால் கல் கட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டு பொறுக்காத ஜாபிர் (ரலி) சிறிய ஆட்டுக்குட்டியை அறுத்து, சிறிதளவு வாற்கோதுமையை மாவாக்கி, அவர்களையும் ஓரிருவரையும் மட்டும் அழைத்தார்கள். நபியவர்களோ அகழில் நின்ற அனைவரையும் அழைத்து வந்து, தம் கையாலேயே ரொட்டியைப் பிட்டுப் பரிமாறினார்கள். எல்லோரும் வயிறார உண்டபின் எஞ்சியதை, நீயும் உண்டு பிறருக்கும் கொடு, மக்கள் பசியில் இருக்கிறார்கள் என்று ஜாபிரின் மனைவியிடம் கூறினார்கள்.